ஒரே சேலையில் இரண்டு பேர்

நேற்றுக் காலை அலுமாரியைத் திறந்ததும் ஓடிக்கொலோன் மணம் வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இவ்வளவு கிட்ட உள்ள ஓர் அறையில், எதை மடித்து வைத்தாலும் கொஞ்ச நாளில் பூஞ்சணம்தான் மணக்கும். நம்முடைய பச்சைச் சேலை மட்டும் ஒரு வருடத்துக்கு மேலாகியும் உன் கைக்குட்டையைப் போலவே மணக்கிறது. எடுத்து முகத்தோடு வைத்துப் பார்த்தேன். அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது கோபம்.

அதை நான் இதுவரை துவைக்கக் கொடுக்கவில்லை. உன் அம்மாவும் கொடுக்கவில்லை. உன் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பொலித்தீன் பையை என் கையில் வைத்தார். "இது ஒங்க ரெண்டு பேருக்கும் சொந்தம்னு சொல்லுவா மகள். நீங்களே வச்சிக்கோங்க." அன்றைக்குப் பையைத் திறக்காமலே கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்தேன். நேற்றுத்தான் எடுத்துக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்பதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வேலை என்றால் யாழ்ப்பாணத்தில் என் அம்மாவுக்கு இன்னமும் விளங்குவதில்லை. "ஆரோட தொடர்பு?" என்று கேட்பார். வங்கிக்காரரும் சீமெந்துக்காரரும் தொடர்மாடி கட்டுகிறவர்களும் தங்களைப் பற்றி ஊர் என்ன நினைக்க வேண்டும் என்று விரும்புகிறார்களோ, அதைத் தமிழில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று சொன்னேன். "அதுக்குச் சம்பளம் நல்லா வருமே?" என்றார். ஓம் என்றேன். எங்கள் தொழிலின் முதல் பாடம் அதுதானே, நிலைமை எப்படியிருந்தாலும் ஓம் என்பது.

சேர்ந்த புதிதில் உன்னிடமும் ஓம் என்றுதான் சொன்னேன். நீ நம்பவில்லை. மதியம் நான் எந்த நாளும் பருப்பும் சம்பலும் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, உன் டப்பாவிலிருந்து மீனில் பாதியை என் சோற்றில் போட்டாய். "யாழ்ப்பாணம், இங்க யாருக்கும் பொய் சொல்லு, எனக்குச் சொல்லாத. நானும் அதே சம்பளந்தான் எடுக்கிறேன்." அன்றிலிருந்து கடைசிவரை நீ என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நான் உன்னைக் கொட்டாஞ்சேனை என்றேன்.

சேலை வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் அது நடந்தது என்று எனக்கே உறுதியாகிறது. வாடிக்கையாளர்களின் விழாக்களுக்குப் பெண்கள் எல்லோரும் பட்டுச் சேலையில்தான் வர வேண்டும் என்று நிறுவனத்தை நடத்தும் மெடம் ஒரு நாள் சொன்னார். நிறுவனத்தின் தோற்றம் எங்கள் தோற்றத்தில் இருக்கிறதாம். சேலைக்குக் காசு யார் தருவது என்று நீ கேட்டாய். "அது உங்கட பெர்சனல் குரூமிங்தானே மா" என்றார். அந்த மாதம் என் வீட்டுக்கார அன்ரி வாடகையைக் கூட்டியிருந்தார். உன் அம்மா சமையல் காஸை மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரும்பியிருந்தார். ஒரு நல்ல சேலையின் விலையில் ஒருத்தி ஒரு மாதம் சாப்பிடலாம் என்பது காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்கியபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

மூன்றாவது கடையில், இந்தப் பச்சைக்கும் மாம்பழ நிறக் கரைக்கும் முன்னால் நின்றுகொண்டு நீ சொன்னாய்: "ஒண்ணு வாங்குவோம். பேங்க் ஒனக்கு, மாடிவீடு எனக்கு. சீமெந்துக்காரனுக்கு யார் போனாலும் ஒண்ணுதான், அவன் மேடையில தூங்கிருவான்."

"ஆராவது கண்டுபிடிச்சா?"

"எவன்டி நம்மளப் பாக்க வாறான்? அவங்க பேனரப் பாக்கத்தான் வாறாங்க."

அப்படித்தான் வாடிக்கையாளர்களைப் பங்கு போட்டோம். ஒரே வாடிக்கையாளரின் கண்ணில் அந்தச் சேலை இரண்டு உடம்புகளில் படக்கூடாது என்பது மட்டுமே சட்டம். சேலைக்கு ஆளுக்கொரு பச்சைச் சட்டை தைத்துக்கொண்டோம். உன்னுடைய தோளும் என்னுடைய தோளும் ஒன்றல்லவே. விழா முடிந்ததும் சேலையைச் சாப்பாட்டுப் பையில் வைத்து மற்றவளிடம் கொடுத்துவிட வேண்டும். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் அந்தச் சேலை பயணம் செய்த அளவுக்கு நாங்கள் செய்யவில்லை.

பிறகு வந்தது அந்த விழா. வங்கியும் தொடர்மாடிக் கம்பனியும் சேர்ந்து ஒரு கடன் திட்டம் அறிவித்தன. அதாவது உன் ஆளும் என் ஆளும் ஒரே மேடையில். இரண்டு பேருக்கும் சேலை வேண்டும். இப்படி ஒன்று நடக்கலாம் என்று ஏன் யோசிக்கவில்லை என்று நான் பதறினேன். நீ தலையைக்கூடத் திருப்பாமல் கணினியில் தட்டிக்கொண்டே, "காலையில நான் வரவேற்கிறேன். சாப்பாட்டுக்கு நீ வா. பாத்ரூம் ஒண்ணு இருக்குமே அந்த ஹோட்டல்ல" என்றாய்.

அந்த ஹோட்டல் கழிப்பறை எங்கள் இரண்டு பேரின் வீட்டையும் விடப் பெரியது. மூன்று ஆள் உயரக் கண்ணாடி, மடித்து அடுக்கிய வெள்ளைத் துவாய்கள். நீ கழற்றக் கழற்ற நான் கட்டினேன். மடிப்புக்கு ஊசி குத்தும்போது உனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதற்குள் வாசலில் யாரோ தட்ட, "ஒரு நிமிசம், மேக்கப்" என்று சிங்களத்தில் குரல் கொடுத்தாய். வெளியே போனபோது நீ உன் அலுவலக உடுப்பில் இருந்தாய். நான் ஒரு மகாராணி போல. சாப்பாட்டு வரிசையில் வங்கியின் பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த நாள் மெடம் படங்களைத் திரையில் போட்டார். ஒரு படத்தில் பச்சைச் சேலையில் நீ பூங்கொத்தோடு. இன்னொன்றில் பச்சைச் சேலையில் நான் வங்கிக்காரரோடு. மாட்டிக்கொண்டோம் என்று உன் பக்கம் திரும்பினேன். மெடத்தின் முகம் மலர்ந்தது. "பாருங்க, ரெண்டு பேரும் மேட்சிங்கா எடுத்திருக்காங்க. திஸ் இஸ் டீம் லுக். எல்லாரும் இதே டிசைன்ல வாங்கலாமே, சம்பளத்துல மாசாமாசம் கழிச்சிக்கலாம்." அறையில் இருந்த மற்றப் பெண்கள் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இன்னமும் என் முதுகில் இருக்கிறது. நீதான் எழுந்து, மிகவும் கவலையோடு சொன்னாய்: "மெடம், நாங்க வாங்கினதோட அது முடிஞ்சிருச்சி. கடைசிப் பீஸ்."

பொய் சொல்லவில்லை நீ.

அன்று பின்னேரம் கடற்கரையில் வடை தின்றபடி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பட்டதாரிகள். உனக்கு மூன்று மொழி, எனக்கு இரண்டரை. கடலைப் பார்க்கும் வீடுகளை ஊருக்கு விற்றுக் கொடுத்தோம். அந்தத் தொடர்மாடிக்கு, 'உங்கள் காலைகள் இங்கே கடலோடு தொடங்கும்' என்று தமிழில் எழுதியது நீதான். உன் காலைகள் கொட்டாஞ்சேனையில் தண்ணீர்க் குழாய் வரிசையோடு தொடங்கின. நம்மிடம் இருந்தது ஒரு சேலை. அதை நாங்கள் கெட்டித்தனம் என்று நினைத்தோம். அது கெட்டித்தனம் அல்ல. நிறுவனம் எங்களிடமிருந்து எடுத்ததை நாங்களே சிரித்து மறைத்துக் கொடுத்த உதவி. மக்கள் தொடர்பை எங்கள் சம்பளத்துக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தோம், இலவசமாக.

சாமான் விலை ஏறிய காலத்தில் சம்பளத்தைப் பற்றிக் கேட்கப் போனபோது நடந்ததும் அதுதான். பாண் விலை, பஸ் கட்டணம், மின்சாரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. நாங்கள் கேட்டது சம்பள உயர்வு. கிடைத்தது புதிய பதவிப் பெயர். நிறைவேற்றாளர் மூத்த நிறைவேற்றாளர் ஆனார். அடுத்த வருடம் உதவி முகாமையாளர். ஒவ்வொரு முறையும் தடித்த அட்டையில் புதிய விசிட்டிங் கார்ட் அடித்துத் தந்தார்கள். "இந்தா, பக்கத்துக்கு அடையாளம் வை, நீதான் புத்தகப் பைத்தியம்" என்று உன் பழைய கார்டுகளைப் பெட்டியோடு என்னிடம் தந்தாய். என் புத்தகங்களில் எதைத் திறந்தாலும் நீ இப்போது ஏதோ ஒரு பதவியில் இருக்கிறாய்.

"இங்க கிடைக்கிற எக்ஸ்போஷர் வேற எங்கயும் கிடைக்காது" என்று மெடம் சொல்லும்போதெல்லாம் நீ என் காதோரம் முணுமுணுப்பாய்: "அதக் கடையில குடுத்தா அரைக் கிலோ பருப்புத் தருவானா கேளு."

மெடத்தை நான் கெட்டவர் என்று எழுதவில்லை. வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் காசு தராமல் இழுத்தடித்ததும், அவர் தன் நகையை வைத்து எங்களுக்குச் சம்பளம் போட்ட மாதம் ஒன்று இருந்ததும் எனக்குத் தெரியும். உன் இறுதிச் சடங்குக்குக் காசும் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு வரியை எங்கள் நியமனக் கடிதத்தில் எழுதி வைத்தவரும் அவர்தான்.

வரவுக் கொடுப்பனவு. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து, மீதியைப் போக்குவரத்து, தோற்றம், வரவு என்று துண்டு துண்டாகத் தருவார்கள். அடிப்படை சின்னதாக இருந்தால் ஓய்வுகாலச் சேமலாப நிதிக்கு நிறுவனம் கட்டுவதும் சின்னதாக இருக்கும். துண்டுகளில் பெரியது, ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்ததற்குத் தரும் வரவுக் கொடுப்பனவு. மாதத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் அது முழுதாகப் போய்விடும். சுகவீன விடுமுறை எடுத்தாலும் போய்விடும். உனக்கு அதுதான் வீட்டு வாடகை. அந்தத் துண்டும் அந்த வாடகையும் ஏறத்தாழ ஒரே அளவு என்று நீயே ஒரு முறை சொன்னாய். "என் வீட்டுக்காரனும் மெடமும் பேசி வச்சிருப்பாங்க போல."

தொடர்மாடியின் மாதிரி வீட்டைத் திறந்து வைத்த அந்த வார இறுதியில் நான் கண்டிப் பக்கம் சீமெந்துக்காரரோடு ஒரு தொழிற்சாலையைப் பார்க்கப் போயிருந்தேன். சேலை உன் முறை. உனக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் பேசியபோதுகூட, "ஏசி கூடிப்போச்சி இங்க, நடுங்குது" என்று சிரித்தாய். உன் அம்மா பிறகு சொன்னார்: "போகாத மகள்னு சொன்னேன். இந்த ரெண்டு நாள் போனா மாசம் முடிஞ்சிரும், இல்லன்னா வாடகை போயிரும்னு சொல்லி, கைக்குட்டையில ஓடிக்கொலோன ஊத்தி நெத்தியில வச்சிக்கிட்டே போனா." இரண்டு நாளும் நின்றாய். வந்தவர்களுக்கெல்லாம் கடலைக் காட்டினாய். திங்கட்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டதாம். சுகமாகிவிட்டது என்று அலுவலகம் போக வெளிக்கிட்டவள் படியில் விழுந்தாய். டெங்கு அப்படித்தான், காய்ச்சல் விடும்போதுதான் ஆளைப் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முன்பே வந்திருந்தால் என்றும் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு நீ இல்லை.

நிறுவனம் மூன்று மொழியிலும் அஞ்சலி போட்டது. தமிழை எழுதச் சொல்லி என்னிடம்தான் தந்தார்கள். நான் எழுதியதில் நீ மீன் பங்கிட்டது இருந்தது, நீ சிரிப்பது இருந்தது. மெடம் அவற்றை எடுத்துவிட்டு ஒரு வாக்கியம் சேர்த்தார்: 'கடைசி நாள்வரை கடமையில் நின்றவர்.' பாராட்டாக. இந்தத் தொழிலில் நான் எத்தனையோ பொய்களை எழுதியிருக்கிறேன். ஒரு உண்மையை அவ்வளவு அசிங்கமாக எழுதலாம் என்று அன்றுதான் கண்டேன்.

போன வாரம்வரை உன் கதிரை காலியாகவே இருந்தது. இரண்டு பேரின் வேலையையும் நான் செய்தேன், முகாமையாளர் என்ற புதிய கார்டோடு. போன வாரம் மாளிகாவத்தையிலிருந்து ஒரு பிள்ளையை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மெடத்துக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். நன்றாக எழுதுகிறாள். சம்பள விவரத்தை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மிஸ், காய்ச்சல் வந்து லீவ் எடுத்தாலும் இத வெட்டுவாங்களா?"

எனக்கு முன் மெடம் பதில் சொன்னார். "எங்கட டீம்ல யாரும் அப்படி லீவ் எடுக்கிறதே இல்ல மா."

மெடம் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அவளுடைய நியமனக் கடிதம் என் மேசைக்கு வந்தது, முகாமையாளராக நான் கையெழுத்துப் போட. போடவில்லை. இரண்டு முறை கேட்டு அனுப்பினார்கள், அப்போதும் போடவில்லை. நேற்று அந்தத் தொடர்மாடியின் இரண்டாம் கட்டத் திறப்பு விழா. உன் வாடிக்கையாளர். எங்கள் சட்டப்படி நான் அங்கே பச்சைச் சேலையில் போகக்கூடாது. எடுத்துக் கட்டினேன். கட்டிக்கொண்டு நேரே மெடத்தின் அறைக்குப் போனேன்.

"என்ன மா, இன்னும் சைன் பண்ணல்லயா? அந்தப் பிள்ள திங்கக்கிழம வரணும்."

"அந்த வரி இருக்கும்வரைக்கும் நான் போடமாட்டன் மெடம்."

"எந்த வரி?"

"வரவுக் கொடுப்பனவு. அதை அடிப்படைச் சம்பளத்தோட சேருங்கோ."

"அது எல்லாருக்கும் உள்ளதுதானே."

"ஓம். அவளுக்கும் இருந்தது."

மெடம் பேனையை மேசையில் வைத்தார். உன்னைப் பற்றி நான் அந்த அறையில் அப்படிப் பேசியதில்லை, யாருமே பேசியதில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சேலையைப் பார்த்தார். பிறகு, பேச்சை மாற்றும் குரலில், "இது நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாங்கினதுதானே" என்றார்.

"ஒரே மாதிரி இல்ல மெடம். ஒண்டுதான்."

அவருக்கு விளங்கவில்லை.

"ஒரு சாரிதான் இருந்தது. அண்டைக்கு ஹோட்டல் பாத்ரூமில மாத்திக் கட்டினனாங்கள். ஆளுக்கொண்டு வாங்க நீங்கள் தந்த சம்பளம் காணேல்ல."

அந்தப் படங்களை அவர் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. டீம் லுக். எத்தனையோ கூட்டங்களில் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டிய படங்கள். "ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றார். அந்தக் கேள்வியில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுவே எனக்கு இன்னும் கோபமூட்டியது. சம்பளம் போடுகிறவர் அவர். அது எதற்குப் போதும், எதற்குக் காணாது என்று நாங்கள் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே வெட்டினார். தொகையை மேலே அடிப்படைச் சம்பளத்தோடு கூட்டி எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். "இவளுக்கு மட்டும். மத்தாக்கள்ட்ட சொல்லாத, எனக்குத் தாங்காது."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து மற்றவர்களிடம் சொன்னேன். எல்லோரிடமும். அவர்கள் திங்கட்கிழமை ஒன்றாகப் போய்க் கேட்கப் போகிறார்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாது. புதிய கார்டுகள் கிடைக்கலாம்.

உன் மீதும் எனக்குக் கோபம் உண்டு, கொட்டாஞ்சேனை. பொய் சொல்லாதே என்று எனக்குச் சட்டம் போட்டவள் நீ. ஏசி கூடிப்போச்சி என்றாயே. காய்ச்சல் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சிரித்தே பழகிவிட்டாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இனிமேல் அப்படிச் சிரிப்பதாக இல்லை.

விழாவில், வரவேற்பு மேசையில் நின்றபோது, தொடர்மாடிக் கம்பனியின் விற்பனைப் பகுதியில் இருக்கும் அந்த வயதானவர் வந்தார். எப்போதும் உன்னிடம் இரண்டு அன்பளிப்புப் பை கேட்டு வாங்குவாரே, அவர்தான். சேலையைக் கூர்ந்து பார்த்தார். நீ சொன்னது பிழை; ஒருவர் நம்மைப் பார்த்திருக்கிறார்.

"இந்தச் சாரி கட்டிக்கொண்டு வாற மிஸ் ஒராள் இருந்தாவே, நல்லாச் சிரிக்கிறவ. இப்ப வாறதில்லயா?"

வாய் தானாகவே பழைய பதிலுக்குத் தயாரானது. மறைந்துவிட்டார், ஈடுசெய்ய முடியாத இழப்பு, கடைசி நாள்வரை கடமையில். அந்த வார்த்தைகளை நான் விற்கிறவள். கேட்ட உடனே வரும். நிறுத்திக்கொண்டேன்.

"அவ செத்துப்போனா ஐயா. நீங்கள் மாதிரி வீடு திறந்த அண்டைக்குக் காய்ச்சலோட வேலைக்கு வந்தவ. லீவ் எடுத்தா வாடகைக் காசு வெட்டுப்படும் எண்டு வந்தவ."

அவர் கையிலிருந்த பையை மேசையில் திரும்ப வைத்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்கட்டும்.

அடுத்த மாதம் வங்கி, அதன் பிறகு சீமெந்து. பங்கு போட இனி யாரும் இல்லை. எல்லா விழாவுக்கும் இதையேதான் கட்டப்போகிறேன். எல்லாப் படத்திலும் ஒரே பச்சை. யாராவது கேட்டால், கேட்கும் ஒவ்வொருவரிடமும், நேற்றுச் சொன்னதை அப்படியே சொல்வேன்.